நிலத்தடி எரிபொருள் தொட்டியை அகற்றுகிறீர்களா? ஆள் இறங்கும் முன் கவனிக்க வேண்டியவை

"பழைய டீசல் டேங்க் மண்ணுக்குள்ளே கிடக்குது சார். பத்து வருஷமா காலிதான். கேஸ் கட்டர் வச்சு வெட்டி எடுத்துடலாமா?" களப் பயணங்களின்போது இந்தக் கேள்வி அவ்வப்போது வருகிறது. அரிசி ஆலை, தேயிலைத் தோட்டம், பெரிய பண்ணை, டிராக்டர் வாடகை மையம் எனப் பல இடங்களில் ஒரு காலத்தில் டீசலை மொத்தமாக வாங்கி, நிலத்துக்குள் புதைத்த இரும்புத் தொட்டியில் சேமித்து வந்தார்கள். சாலையோர நிலத்தைப் பெட்ரோல் பங்க்குக்குக் குத்தகைக்கு விட்டவர்களும் உண்டு. குத்தகை முடிந்து நிலம் திரும்பி வரும்போது, சில இடங்களில் தொட்டியும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மேலே சொன்ன கேள்விக்குப் பதில்: கூடாது. தொட்டி காலியாக இருக்கிறது என்பதே அதற்கு முதல் காரணம். இந்த வேலையில் உயிருக்கு என்னென்ன ஆபத்துகள் உள்ளன, எதை நில உரிமையாளர் செய்யலாம், எதைப் பயிற்சி பெற்ற குழுவிடம் விட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தானது

தீப்பிடிப்பது எரிபொருள் திரவம் அல்ல. அதிலிருந்து எழும் ஆவியும் காற்றும் கலந்த கலவைதான். தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. காலியான பிறகுதான் உள்ளே காற்று புகுகிறது. அடியில் தங்கிய எரிபொருளும், சுவரில் ஒட்டிய துருவுக்குள் ஊறியிருக்கும் எரிபொருளும் ஆவியாகி அந்தக் காற்றோடு கலக்கின்றன.

பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே வெடிக்கப் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக ஆவியானால் 150 லிட்டருக்கும் அதிகமான ஆவி கிடைக்கும். அதாவது, 10,000 லிட்டர் தொட்டியின் அடியில் ஒரே ஒரு லிட்டர் மிச்சம் இருந்தாலும், தொட்டி முழுவதும் வெடிக்கும் கலவையாக மாற அது போதுமானது. டிப் கோலை விட்டுப் பார்த்து "ஈரமே இல்லை" என்று முடிவு செய்வது இதனால்தான் ஆபத்தாகிறது. சாய்வாகப் புதைந்த தொட்டியில் கோல் படாத முனையில் பல லிட்டர் தேங்கியிருக்கலாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. எனவே மேலே எழுந்து கலைந்து போகாது. தோண்டிய குழியிலும், பக்கத்து வாய்க்காலிலும், தாழ்வான இடத்திலும் தண்ணீர் போல ஓடித் தேங்கும். தொட்டியிலிருந்து சற்றுத் தள்ளி நின்று பற்றவைத்த பீடிகூட நெருப்பைக் குழிவரை கொண்டுவந்துவிடும்.

"டீசல்தானே" என்ற அலட்சியம் வேண்டாம்

டீசல் எளிதில் பற்றாது என்பது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தின்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். நம் ஊர்க் கோடை வெயிலில், மண்ணை விலக்கித் திறந்து போட்ட இரும்புத் தொட்டி அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும்.

அதைவிட முக்கியமானது கேஸ் கட்டர். கட்டரின் சுடர் தகட்டின் வெளிப்புறத்தில் படும்போது, உட்புறம் ஒட்டியிருக்கும் டீசல் கசடு சூடேறி அந்த இடத்திலேயே ஆவியாகிறது. அதே நேரத்தில் தகடு ஓட்டையாகிச் சுடர் உள்ளே நுழைகிறது. ஆவியும் நெருப்பும் ஒரே நொடியில் சந்திக்கின்றன. இதனால் ஒரு செய்தியை மனதில் வைக்க வேண்டும்: டீசல் தொட்டியில் வாயு அளவி பூஜ்யம் காட்டினாலும், அது கேஸ் கட்டர் வைக்க அனுமதி அல்ல. அளவி காட்டுவது சூடேறும் முன் உள்ள நிலையை மட்டுமே.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட 200 லிட்டர் டிரம்மை நெடுக்கில் வெட்டும்போது நடக்கும் வெடிப்புகளுக்கும் இதுவே காரணம்.

உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது

வெடிப்பு ஒரு பக்கம் என்றால், சத்தமில்லாமல் உயிரெடுப்பது தொட்டிக்குள் இருக்கும் காற்று. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ளது. மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் துரு பிடிக்கப் பிடிக்க, அந்தத் துருவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் மூடியிருந்த தொட்டியில் எரிபொருள் வாசனையே இல்லாவிட்டாலும் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கலாம்.

• 19.5 சதவீதத்துக்குக் கீழே: சுவாசக் கருவி இல்லாமல் நுழையக் கூடாது.
• 16 சதவீதம் அளவில்: யோசிக்கும் திறனும் கை கால் கட்டுப்பாடும் குறையும், ஆபத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்குப் புரியாது.
• 10 சதவீதத்துக்குக் கீழே: மயக்கம்.
• 6 சதவீதமும் அதற்குக் கீழும்: சில நிமிடங்களில் மரணம்.

இதோடு, தொட்டியின் அடியில் தண்ணீரும் எரிபொருளும் சேர்ந்த அடிமண்டியில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் இதன் அடையாளம். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாமல் போகும். "முதலில் நாறியது, இப்போது இல்லை" என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று பொருளல்ல.

பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பயன்பாட்டில் இருந்த தொட்டியின் கசட்டில் நச்சு ஈயச் சேர்மங்கள் இருக்கலாம். அதை வெறுங்கையால் அள்ளுவதும், அதே உடையோடு வீட்டுக்குப் போவதும் தவறு.

கிணற்று அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள்

பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கும் முன், அரிக்கேன் விளக்கையோ எரியும் வைக்கோலையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். எரிபொருள் தொட்டியில் இதே சோதனையைச் செய்தால், சோதிப்பவரே வெடிப்பில் சிக்குவார். செல்போன் டார்ச், சாதாரண மின்விளக்கு, மின்விசிறி ஆகியவையும் கூடாது. மின்பொறி வெளிவராத வகையில் செய்யப்பட்ட பாதுகாப்புக் கருவிகள் மட்டுமே இங்கு பயன்பட வேண்டும்.

வேப்பங்கொத்தை இறக்கி ஆட்டுவது, தண்ணீரை வாரி இறைத்துக் காற்றைக் கலக்குவது போன்றவையும் பலன் தராது. அடிமண்டியைக் கலக்கினால் புதிய ஆவிதான் கிளம்பும்.

இன்னொரு தவறு: உள்ளே காற்று போதவில்லை என்று வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரின் குழாயைத் தொட்டிக்குள் திறந்துவிடுவது. ஆக்ஸிஜன் மிகுந்த இடத்தில் எண்ணெய் படிந்த துணிகூடச் சட்டெனப் பற்றிக் கொழுந்துவிட்டு எரியும். எந்தச் சூழலிலும் இதைச் செய்யக் கூடாது.

குழி, கிரேன், மின்கம்பி: வெளியே உள்ள ஆபத்துகள்

*மண் சரிவு:* ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடை கொண்டது. இடுப்பளவு புதைந்தாலே ஆளை வெளியே இழுக்க முடியாது. மேலும், தொட்டியைப் புதைக்கும்போது சுற்றிலும் மணல் நிரப்புவது வழக்கம். மணல் செங்குத்தாக நிற்காது. பார்ப்பதற்கு இறுகிய செம்மண் போலத் தெரிந்தாலும், உள்ளே மணல் அடுக்கு சரியும். எனவே பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது பலகை, முட்டு கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும். பொக்லைனையும் லாரியையும் விளிம்பருகே நிறுத்தக் கூடாது.

*மிதந்து எழும் தொட்டி:* 10,000 லிட்டர் காலித் தொட்டி தண்ணீரில் முழுதாக மூழ்கினால், அதை ஏறக்குறைய 10 டன் விசை மேலே தள்ளும். தொட்டியின் சொந்த எடை அதில் சிறு பங்குதான். அதுவரை அதை அழுத்திப் பிடித்திருப்பது மேலே உள்ள மண்ணும் கான்கிரீட்டும். மேல்மண்ணை எடுத்தபின் மழை பெய்து குழி நிறைந்தால் தொட்டி திடீரென எழும்பிப் புரளும். காவிரி டெல்டா போல நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

*தூக்குதல்:* தொட்டியின் மேல் உள்ள தூக்கு வளையங்கள் துருவேறி இருந்தால் அவற்றை நம்பக் கூடாது. எடைக்கு ஏற்ற பட்டைகளைத் தொட்டியைச் சுற்றிப் போட்டுத் தூக்க வேண்டும். உள்ளே தங்கிய கசடும் தண்ணீரும் ஒரு பக்கமாக ஓடினால் தொட்டி சாயும். கை வைத்துத் திருப்பாமல், இரு முனைகளிலும் கயிறு கட்டித் தள்ளி நின்று திசை மாற்ற வேண்டும். தொங்கும் தொட்டிக்குக் கீழேயும் குழிக்குள்ளும் ஒருவரும் நிற்கக் கூடாது.

*மின்கம்பி:* வயல்வெளியில் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்குவது நமக்குத் தெரியும். கிரேன் கை கம்பியில் பட வேண்டும் என்பதில்லை. உயரழுத்தக் கம்பிக்கு அருகில் போனாலே மின்சாரம் பாயும். மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்வது நல்லது.

அகற்றும் பணி எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

இது பயிற்சி பெற்ற குழு செய்ய வேண்டிய வேலை. ஆனால் வரிசை தெரிந்திருந்தால், உங்கள் நிலத்தில் அது சரியாக நடக்கிறதா என்று நீங்கள் கவனிக்க முடியும்.

1. தொட்டியோடு இணைந்த பம்பு, விளக்கு ஆகியவற்றின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டி, புகைபிடித்தல், இருசக்கர வாகனம், செல்போன், சமையல் அடுப்பு அனைத்தையும் தடை செய்ய வேண்டும். காற்று வீசும் திசையிலும் தாழ்வான பக்கத்திலும் இந்த எல்லையை இன்னும் நீட்ட வேண்டும்.

2. குழாய்களில் நிற்கும் எரிபொருளைத் தொட்டிக்குள் வடித்து, பிறகு மிச்சத்தை வெளியிலிருந்தே உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் வண்டியையும் தொட்டியையும் கம்பியால் இணைத்து நிலத்தோடு எர்த் செய்வது கட்டாயம். திரவம் குழாயில் ஓடும் உராய்விலேயே நிலைமின்சாரம் உண்டாகிப் பொறி பறக்கும்.

3. தொட்டியின் மேல்பகுதி தெரியும்வரை மண்ணை விலக்க வேண்டும். கடைசி அரை மீட்டரைப் பொக்லைன் பல்லால் கிளறாமல் கையால் மெதுவாக எடுக்க வேண்டும்.

4. உள்ளே உள்ள ஆவியை வெளியேற்ற வேண்டும் அல்லது வெடிக்காத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஊதி வெளியேற்றும்போது ஆவி தரை மட்டத்தில் தேங்காதபடி, சுமார் 3.5 மீட்டருக்கு மேல் உயர்த்திய குழாய் வழியே விட வேண்டும். இன்னொரு முறை, டிரை ஐஸ் எனப்படும் உலர் பனிக்கட்டியைப் போடுவது. ஒரு கிலோ உலர் பனிக்கட்டி 500 லிட்டருக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு வாயுவாக விரியும். 1,000 லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 2 கிலோ என்பது பொதுவான அளவு. அதை வெறுங்கையால் தொட்டால் தோல் உறைந்து புண்ணாகும். தீயணைப்பான் உருளையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பீய்ச்சுவது மாற்று வழி அல்ல; அப்படிப் பீய்ச்சும்போது நிலைமின்சாரம் உண்டாகும்.

5. வாயு அளவியால் தொட்டியின் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் சோதிக்க வேண்டும். தொட்டி இரண்டு மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் ஒவ்வோர் அறையையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

6. எல்லா ஓட்டைகளையும் அடைத்து, மேற்புறத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு காற்றுத் துளை மட்டும் விட வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் வெயிலில் உள் அழுத்தம் ஏறும்.

7. பிறகே பக்க மண்ணை எடுத்துத் தூக்க வேண்டும். தூக்கிய அன்றே, காற்றுத் துளை மேல்நோக்கி இருக்கும்படி லாரியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். இரவு நிறுத்திவைத்தால் துருவிலிருந்து ஆவி மீண்டும் கசிந்து நிரம்பும். காலையில் எடுத்த அளவு மாலைக்குச் செல்லாது.

வாயு அளவி சொல்வதைச் சரியாகப் படியுங்கள்

முதலில் ஆக்ஸிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. எரியும் வாயுவைக் கண்டறியும் பெரும்பாலான அளவிகள், அந்த வாயுவைத் தமக்குள் எரித்துப் பார்த்தே அளவிடுகின்றன. எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். உலர் பனிக்கட்டி போட்ட தொட்டியில் ஆக்ஸிஜன் இல்லாததால், ஆவி நிறைய இருந்தாலும் அளவி குறைத்துக் காட்டும், பூஜ்யம்கூடக் காட்டலாம். இப்படிப்பட்ட தொட்டி மூடியிருக்கும்வரை வெடிக்காது. திறந்து காற்றுப் புகுந்தால் மீண்டும் வெடிக்கும் நிலைக்கு வரும். உள்ளே தலையை நுழைத்தவர் கார்பன் டை ஆக்சைடில் மயங்குவார். "வெடிக்காது" என்பதும் "மூச்சுவிடலாம்" என்பதும் வேறு வேறு.

எரியும் வாயுவின் அளவு, வெடிக்கும் கீழ் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே ஆள் நுழைவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இறங்கக் கூடாது

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை, மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. நம் ஊரில் கிணறுகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் நடப்பதும் இதுதான். அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பார். தம்பி வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார்.

எனவே முதல் விதி: ஆள் இறங்காமலேயே வேலையை முடிக்கப் பாருங்கள். பெரும்பாலான தொட்டிகளை உள்ளே நுழையாமல் வெளியிலிருந்தே உறிஞ்சிச் சுத்தம் செய்து தூக்க முடியும். கண்டிப்பாக நுழைந்தாக வேண்டும் என்றால், நுழைபவர் காற்று வழங்கும் சுவாசக் கருவியும் உடல் பட்டையும் அணிந்திருக்க வேண்டும். பட்டையின் கயிறு வெளியே முக்காலியில் உள்ள கப்பியோடு இணைந்திருக்க வேண்டும். வெளியே நிற்பவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. துணி முகக்கவசமோ, மருந்து தெளிக்கும்போது அணியும் வடிகட்டி முகமூடியோ இங்கு உதவாது. அவை இருக்கும் காற்றை வடிகட்டுமே தவிர, இல்லாத ஆக்ஸிஜனைத் தராது.

யாராவது மயங்கினால், வெளியிலிருந்தே கயிற்றால் இழுங்கள். கயிறு இல்லையென்றால் 101 அல்லது 112க்கும், 108க்கும் அழைத்து, "எரிபொருள் தொட்டிக்குள் ஆள் மயங்கியிருக்கிறார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மற்றவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் இது கல்நெஞ்சம் போலத் தெரியலாம். ஆனால் இன்னோர் உயிர் போகாமல் தடுப்பது அதுதான்.

சட்டமும் நில உரிமையாளரின் பொறுப்பும்

1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் போன்ற 'பி' வகைப் பெட்ரோலியத்தை ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் வைத்திருந்தால் உரிமம் தேவையில்லை. நிலத்தடித் தொட்டிகள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியவை. அவற்றுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. இதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. தொட்டியை எடுக்கும் முன் உரிம ஆவணத்தைத் தேடி எடுத்து, அங்கு தெரிவித்து வழிமுறை கேளுங்கள்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த விதிகள் இந்த வேலைக்கும் நல்ல அளவுகோல். தகுதி பெற்றவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் இல்லாமல் நச்சு வாயு உள்ள தொட்டிக்குள் ஆளை அனுப்பக் கூடாது என்றது அதன் 36ஆம் பிரிவு. எரியும் பொருள் இருந்த கலனை, அப்பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல் வெல்டிங் செய்யவோ சூட்டால் வெட்டவோ கூடாது என்றது 37ஆம் பிரிவு. இவை தொழிற்சாலைக்காக எழுதப்பட்டவை என்றாலும், வயலில் உள்ள தொட்டிக்குள்ளும் அதே வாயுதான் இருக்கிறது.

பங்க்குக்கு நிலம் குத்தகைக்கு விட்டவர்கள், தொட்டியை உரிமம் வைத்திருப்பவரே தம் செலவில் அகற்றித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாயு நீக்கப்பட்டதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். "இரும்புக்கு இவ்வளவு தருகிறேன், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று வரும் காயலான் கடைக்காரரிடம் ஒப்படைப்பது, கேஸ் கட்டரோடு கூலியாட்களை அந்தத் தொட்டிமேல் ஏற்றுவதற்குச் சமம்.

வெளியே வந்த தொட்டியும் மண்ணும்

எடுத்த தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியாகவோ, மருந்து கலக்கவோ, தீவனம், சர்க்கரைப் பாகு சேமிக்கவோ பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் துருவுக்குள் ஊறிய எரிபொருள் போகாது. குழியில் எரிபொருள் வாடை அடிக்கும் கறுத்த மண் இருந்தால் அதை வயலில் பரப்பக் கூடாது. தனியாகக் குவித்து மூடிவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். அருகில் உள்ள கிணற்று நீரில் வாடையோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால், பரிசோதனை முடியும்வரை குடிக்கவும் கால்நடைக்குக் காட்டவும் வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள்

• இதே வேலையை முன்பு எங்கே செய்திருக்கிறீர்கள்?
• வாயு அளவி இருக்கிறதா? கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது?
• உள்ளே உள்ள ஆவியை எந்த முறையில் நீக்குவீர்கள்?
• ஆள் இறங்க வேண்டுமா? இறங்கினால் சுவாசக் கருவி, உடல் பட்டை, முக்காலி எங்கே?
• தொட்டியை எங்கே கொண்டுபோய் வெட்டுவீர்கள்?
• உலர் ரசாயனத் தூள் தீயணைப்பான்கள் எத்தனை கொண்டுவருவீர்கள்?
• வேலையாட்களுக்குக் காப்பீடு உண்டா?

இவற்றில் ஒன்றுக்காவது "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள். பத்து ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த தொட்டி இன்னும் பத்து நாள் கிடப்பதால் ஒன்றும் ஆகாது. சரியான குழு வரும்வரை மூடியைத் திறக்காமல், மேலே வேலி போட்டு, யாரையும் நெருங்கவிடாமல் வைத்திருப்பதே நில உரிமையாளர் செய்யக்கூடிய முதல் பாதுகாப்பு.